ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகும் முன்: மாணவர் குழுவைப் பழக்குவது எப்படி

2023 பிப்ரவரியில் விளையாட்டுப் போட்டிக்காக வெளியூர் போன பள்ளி மாணவிகள் நான்கு பேர், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில், கடலூரை அடுத்த குச்சிப்பாளையத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணைக்குக் குளிக்கப் போன சிறுமிகளும் பெண்களுமாக ஏழு பேர் திரும்பவில்லை. முதலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற மற்றவர்கள் இறங்க, எல்லோருமே போனார்கள்.

நாட்டு நலப்பணித் திட்டம், சாரணர், என்.சி.சி., பசுமைப்படை என்று எந்தப் பெயரில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனாலும், ஆபத்து பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலில் இருக்காது. மலையேற்றத்துக்கு அனுமதி, வழிகாட்டி, கயிறு எல்லாம் ஏற்பாடாகியிருக்கும். வரும் வழியில் "சார், பத்து நிமிஷம் தண்ணில கால் நனைச்சுட்டு வந்துடறோம்" என்று ஒரு குரல் கேட்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் ஏற்பாடு இருக்காது. அதனால் இந்தப் பயிற்சியில் தண்ணீருக்குப் பாதி நேரத்தைக் கொடுத்திருக்கிறோம். பாம்பு, இடி, தீ எல்லாம் மீதிப் பாதியில்.

அரங்கத்தில் உட்காரவைத்துப் படம் காட்டினால் எதுவும் ஒட்டாது. நான்கு மாலைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், பள்ளி மைதானத்தில். எட்டுப் பேருக்கு ஒரு பயிற்றுநர். ஒரு மாலையில் இரண்டு விஷயத்துக்கு மேல் வேண்டாம். மறுமுறை கூடும்போது முதல் பத்து நிமிடம் போன முறை செய்ததை அப்படியே திரும்பச் செய்யவைக்க வேண்டும்; விட்டால் ஒரு வாரத்தில் கை மறந்துவிடும்.

பள்ளத்தைக் கண்ணால் காட்டுவது

"ஆழம் இருக்கும், போகாதே" என்று சொன்னால் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அது வழக்கமான அறிவுரை. பாத்திரம் கழுவும் அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு விரற்கடை உயரத்துக்கு மணல் நிரப்பி, ஓர் ஓரத்தில் தொட்டியின் அடி தெரியும்வரை மணலை அள்ளிவிடுங்கள். செம்மண் கரைத்த தண்ணீரை மெதுவாக ஊற்றி, மணல்மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி செய்யுங்கள். இப்போது பிள்ளைகளைக் கூப்பிட்டு, "பள்ளம் எங்கே? தொடாமல் சொல்" என்று கேளுங்கள். ஒருவராலும் சொல்ல முடியாது. பிறகு ஒருவரை இரு விரல்களால் மணல்மேல் 'நடக்க' விடுங்கள். முழங்கால் அளவு என்று நம்பி நடந்த விரல் அடுத்த அடியில் சரேலென்று இறங்கும். விளிம்பு மணலும் கூடவே சரியும். திரும்பி ஏறக் கால் ஊன்ற இடமிருக்காது. நம் ஆறுகளில் மணல் அள்ளிய குழி இப்படித்தான் வேலை செய்கிறது.

மற்ற நீர்நிலைகளைச் சொல்லியே புரியவைக்கலாம். தடுப்பணையின் கீழ்ப்பக்கம் தண்ணீர் விழுந்து விழுந்து குடைந்திருக்கும், சுழலும் இருக்கும். ஏரியில் சேறு காலைப் பிடிக்கும், கொடி சுற்றும். கல்குவாரிக் குட்டையில் சுவர் செங்குத்து, பற்றிக்கொள்ள ஒன்றுமே கிடையாது. கோயில் குளத்தில் படிப்பாசி வழுக்கும். எங்கே போனாலும், உள்ளூரில் துணி துவைப்பவரிடமோ மாடு கழுவுபவரிடமோ கேட்காமல் யாரும் காலை நனைக்கக் கூடாது. அறிவிப்புப் பலகை சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

மூழ்குபவர் கத்த மாட்டார்

சினிமாவில் கையை ஆட்டிக் கத்துவார்கள். நிஜத்தில் மூச்சுக்கே வழியில்லாதவருக்குக் குரல் வராது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் திறந்து மூடும். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும். முடி நெற்றியில் விழுந்தாலும் ஒதுக்கத் தோன்றாது. பார்ப்பவருக்கு நின்று விளையாடுவதுபோல இருக்கும். பயிற்றுநர் மைதானத்தில் நின்று இதை நடித்துக் காட்ட வேண்டும், வெட்கப்படாமல். கரையில் நிற்பவர் "டேய், சரியா இருக்கியா?" என்று கேட்டுப் பதில் வராவிட்டால், உடனே விசில்.

கயிறு எறிதல்

இங்கே ஒரே சட்டம்: காப்பாற்றப் போகிறவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதுதான். மூழ்குபவர் கையில் கிடைத்ததைக் கட்டிப்பிடித்து மேலேறப் பார்ப்பார். அது நண்பனின் தலையாக இருந்தாலும். முதலில் நீட்டு, எட்டவில்லை என்றால் எறி, அதுவும் முடியாவிட்டால் ஆளைக் கூப்பிடு. வரிசை இவ்வளவுதான்.

நீட்டுவதற்கு மூங்கில் கழி, மரக்கிளை, துப்பட்டா, வேட்டி எதுவும் ஆகும். நீளத்தைப் பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும். சீருடைத் துப்பட்டா ஏறக்குறைய இரண்டு மீட்டர், எட்டு முழ வேட்டி மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல், புடவை ஐந்தரை மீட்டர். நீட்டுபவர் நிற்கக் கூடாது. குப்புறப் படுக்க வேண்டும், பின்னால் ஒருவர் அவர் கால்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டு நீட்டினால் முதல் இழுப்பிலேயே உள்ளே போய்விடுவார். மைதானத்தில் இரண்டு பேரை விட்டு இழுக்கச் சொல்லுங்கள். நின்றவர் தடுமாறுவதை எல்லோரும் பார்ப்பார்கள்.

எறிவதற்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, 15 மீட்டர் பிளாஸ்டிக் கயிறு. கடையில் மஞ்சள், நீல நிறங்களில் கிடைக்குமே, தண்ணீரில் மிதக்கும் கயிறு, அதுதான். நைலான் கயிறு பலமானது, ஆனால் மூழ்கிவிடும். கனம் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர்; அதைவிட மெல்லியது ஈரக்கையை அறுக்கும். கேனுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்குங்கள். காலிக் கேன் காற்றில் திரும்பி எறிந்தவர் காலடியிலேயே விழும். அந்த ஒரு டம்ளர் எடைதான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கயிற்றைக் கைப்பிடியில் இரட்டை முடிச்சாகப் போட்டு, மறுமுனையில் கை நுழையாத அளவுக்கு ஒரு கொட்டை முடிச்சு போடுங்கள்.

எறியும் முறை இது. கயிற்றைச் சுருட்டி வைக்காமல் ஒரு வாளிக்குள் அல்லது தரையில் தளர்வாக விட்டுக்கொள்ள வேண்டும். மறுமுனையைக் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டில் சுற்றவே கூடாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "கேனைப் பிடி!" என்று கத்திவிட்டு, கையைக் கீழிருந்து வீசி எறிய வேண்டும். குறி அவர் தலை இல்லை, தலைக்கு அப்பால். கயிறு அவர் தோள்மேல் விழுந்தால் போதும். ஓடும் தண்ணீரில் அவருக்குச் சற்றுக் கீழ்ப்பக்கமாக எறிந்தால் கேன் அவரைவிட்டு முன்னே ஓடிவிடும், அவர் கைக்குச் சிக்காது. பிடித்ததும் உட்கார்ந்து குதிகாலை ஊன்றி இழுக்க வேண்டும்.

மைதானத்தில் எட்டு மீட்டர் தள்ளி ஒரு பழைய டயரைப் போட்டுப் பழக்குங்கள். ஐந்தில் மூன்று முறை கயிறு டயர்மேல் விழ வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இரண்டாவது எறிதலில்தான். முதல் எறிதல் தவறியதும் கயிற்றை அழகாகச் சுருட்ட உட்கார்ந்துவிடுகிறார்கள். சுருட்டாதே; காலடியில் குவியலாக இழுத்துப்போட்டு உடனே திரும்ப எறி. இதற்கு அரை நிமிடக் கெடு வைத்துக் கைக்கடிகாரம் பார்த்துச் சொல்லுங்கள்.

கரைக்கு வந்த பிறகு

மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் இன்னும் ஊர்களில் நடக்கிறது. இரண்டும் கெடுதல். வயிற்றில் இருப்பது வாந்தியாக வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். அதைவிட, மூச்சு கொடுக்க வேண்டிய நேரம் வீணாகும்.

மல்லாக்கப் படுக்கவை. தோளைத் தட்டிக் கூப்பிடு. பதிலில்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால், தலையைச் சாய்த்து முகவாயைத் தூக்கி, மூக்கை மூடி, வாயோடு வாய்வைத்து இரண்டு முறை மூச்சு ஊது. நெஞ்சு எழும்புகிறதா பார். பிறகு நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து 30 அமுக்கு, மறுபடி 2 மூச்சு. பெரியவர்களுக்கு ஆழம் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. மாரடைப்புக்கு வெறும் நெஞ்சை அமுக்கினாலே போதும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். மூழ்கியவருக்கு இல்லாமல் போனது மூச்சு; அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

எண்ணுவதில் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. "ஒண்ணு, ரெண்டு, மூணு" வரை வேகம் சரியாக இருக்கும். "பதினெட்டு, பத்தொன்பது, இருபத்தொண்ணு" என்று போகும்போது வாய் நீள, கை வேகம் குறைந்துவிடும். அதனால் பத்துவரை மூன்று முறை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு பத்து முடியும்போதும் பக்கத்தில் இருப்பவர் ஒரு விரலை மடக்கட்டும்.

பயிற்சிப் பொம்மை இல்லையென்றால் துணி திணித்த புத்தகப்பை போதும், அமுக்கப் பழகுவதற்கு. உயிருள்ள தோழன் நெஞ்சில் பழகக் கூடாது. முழங்கை மடங்குவதும், அமுக்கியபின் முழுதாக விடாமல் அதன்மேலேயே சாய்ந்திருப்பதும் வழக்கமான பிழைகள். இரண்டு நிமிடத்தில் யாருக்கும் கை ஓய்ந்துவிடும். ஆள் மாற்றுவதையும் சேர்த்தே பழக்குங்கள். மூச்சு கொடுப்பதை மட்டும் முதலுதவிப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரை அழைத்துவந்து பொம்மையில் கற்றுக்கொடுக்கச் சொல்வது நல்லது. பிழைத்து எழுந்து "ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நுரையீரலில் புகுந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும்.

108-க்கு என்ன சொல்வது

இதைத் தனிப் பயிற்சியாகவே வையுங்கள். பதற்றத்தில் பேசுபவர் முதலில் நடந்த கதையைச் சொல்வார், இடத்தைக் கடைசியில் சொல்வார். அதற்குள் சிக்னல் போய்விடும். வரிசை: இடம், என்ன நடந்தது, எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா, எந்த எண்ணில் திரும்பக் கூப்பிடலாம். அவர்கள் வைக்கும்வரை நாம் வைக்கக் கூடாது.

இடம் சொல்ல ஊர்ப்பெயர் மட்டும் போதாது. மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண், நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கல், கோயில், ரேஷன் கடை. மலைப்பாதை என்றால் கொண்டை ஊசி வளைவின் எண். கொல்லிமலைச் சாலையில் எழுபது வளைவுகள், எத்தனையாவது என்று சொன்னால் ஓட்டுநருக்கு வேறெதுவும் வேண்டாம். உங்கள் சிம்மில் சிக்னல் இல்லாத இடத்திலும் 112 வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாகப் போகக்கூடும், முயன்று பார்க்கலாம். வண்டி வரும் சாலைமுனையில் இரண்டு பேரை நிறுத்துவதும் இந்தப் பயிற்சியில் சேர்த்தி.

பாம்பு

பிள்ளைகளுக்கு இதில்தான் ஆர்வம் அதிகம், தவறான தகவலும் அதிகம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்துதான் மருத்துவமனையில் இருக்கிறது. ஆகவே பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோவதால் பலனில்லை. தேடப்போய் இன்னொருவர் கடி வாங்குவதுதான் மிச்சம்.

முகாமில் அதிகம் பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. இரவில் தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். வலி இருக்காது, பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, கண்ணிமை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் என்று வரும். "நேத்து சாப்பாடு ஒத்துக்கலை" என்று சோடா வாங்கிக்கொடுப்பார்கள். கிராமத்துப் பள்ளிக் கட்டடத்தில் தங்கும் குழுவுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்: இமை தொங்கினால் உடனே ஆம்புலன்ஸ். கொசுவலையைப் பாயின் அடியில் செருகிப் படுத்தால் கொசுவும் வராது, பாம்பும் வராது. இரவில் ஒதுங்கப் போகும்போது டார்ச், செருப்பு, கூட ஒருவர்.

கடித்தால்: உட்காரவை, நடக்கவிடாதே. மோதிரம், கொலுசு, கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்று. வீக்கம் வந்தபின் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுப்போடாதே, கீறாதே, உறிஞ்சாதே. எலும்பு முறிந்த காலைப்போல அசையாமல் வை: நான்கைந்து செய்தித்தாள்களைத் தடியாகச் சுருட்டி இருபுறமும் வைத்து, துண்டால் மூன்று இடத்தில் தளர்வாகக் கட்டு. ஒரு விரல் நுழைய வேண்டும். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுது. மருத்துவர் முதலில் கேட்பது அதுதான். வாந்தி வந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவை. வண்டி வரத் தாமதமானால் இருசக்கர வாகனத்தில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோ. எந்த மருத்துவமனையில் நஞ்சுமுறிவு மருந்து இருப்பில் இருக்கிறது என்பதைப் பயணத்துக்கு முந்தைய நாளே போனில் கேட்டு எழுதிவைப்பது பொறுப்பாசிரியரின் வேலை.

இடி, திடீர் வெள்ளம், தீ, தேனீ

மின்னலைப் பார்த்து, இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணுங்கள். முப்பதுக்குள் கேட்டால் கட்டடத்துக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய பேருந்துக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. வயலில் தனியாக நிற்கும் மரமும் நாலுகால் தகரக் கொட்டகையும் பாதுகாப்பு இல்லை. இடி விழுந்தவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. பலர் அந்தப் பயத்தில்தான் கிட்டே போகாமல் நிற்கிறார்கள்.

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையனைக் கொண்டுபோனது. அருவியில் நிற்கும் இடத்தில் மழை இருக்க வேண்டியதில்லை, மேலே மலையில் பெய்தால் போதும். தண்ணீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் செருப்பு, துணி, செல்போன் எதையும் எடுக்கத் திரும்பாமல் பக்கவாட்டில் மேடேற வேண்டும்.

குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி மலையேறியவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஏற முடியாது. பக்கவாட்டில் விலகி, வெறும் பாறைக்கோ ஓடைக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய பகுதிக்கோ போக வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுப்பதைவிட, கோடையில் காட்டுக்கே கூட்டிப்போகாமல் இருப்பது எளிது. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் எந்தக் காலத்திலும் போக முடியாது.

பாறையிடுக்கில் மலைத்தேன் கூடு தெரிந்தால் கல் எறிவது, புகை போடுவது, சென்ட் அடித்துக்கொள்வது மூன்றும் கூடாது. கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு நிற்காமல் ஓடு. தண்ணீரில் குதிக்காதே, மேலேயே காத்திருக்கும். கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடு. உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே மருத்துவமனை.

கிளம்பும் நாள்

முப்பது பேருக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் 90 லிட்டர் தண்ணீர், இருபது லிட்டர் கேனில் நாலரை. பாதியைக் கொண்டுபோய் மீதியை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது வேண்டாம். நடை காலை ஆறு முதல் பத்துவரை. வெயில் ஏறியபின் நிழல். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பதினைந்து. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது பரவலான தவறு, உப்பு கூடிக் கெடுதலாகும். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்குச் சமமட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உடம்பு கொதித்து, சம்பந்தமில்லாமல் பேசினால் அது வெறும் மயக்கம் இல்லை. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

முதலுதவிப் பையில் முக்கோணக் கட்டுத்துணி ஆறு, பத்து சென்டிமீட்டர் கிரேப் பேண்டேஜ் ஆறு, காஸ், பிளாஸ்டர், கையுறை, கத்தரி, நாப்கின், பேனா. மாத்திரை பெற்றோர் எழுதிக்கொடுத்தது மட்டும். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உள்ளவர் யார் என்பது சம்மதக் கடிதத்தில் தனிக் கேள்வியாக இருக்க வேண்டும். "உடல்நலம் நன்று" என்று அச்சடித்துக் கையெழுத்து வாங்கும் கடிதம் எதற்கும் உதவாது. இன்ஹேலர் பையனின் சட்டைப்பையில் இருக்கட்டும், பேருந்தில் விட்ட பையில் வேண்டாம்.

எண்ணிக்கைக்கு இணை முறை வையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துணை. விசில் ஒருமுறை ஊதினால் இருவரும் கைகோத்துத் தூக்கிக் காட்ட வேண்டும். பதினைந்து கைகளை எண்ணுவது முப்பது தலைகளை எண்ணுவதைவிட விரைவு. ஆள் காணோம் என்பது துணைக்கு முதலில் தெரியும். மூன்று முறை ஊதினால் அவசரம். வரிசையின் முன்னால் ஒரு ஆசிரியர், கடைசியில் ஒருவர். கடைசி ஆளை யாரும் பின்னால் விடக் கூடாது.

திரும்பிப்போகலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதைக் கிளம்புமுன் பெயர் சொல்லி அறிவியுங்கள். அவர் பேருந்துக்குப் பணம் கொடுத்தவராகவோ தலைமை விருந்தினராகவோ இல்லாமல் இருப்பது நல்லது.

நான்காம் மாலை முடியும்போது ஒரு தேர்வு வையுங்கள், முன்கூட்டிச் சொல்லாமல். பயிற்றுநர் பேசிக்கொண்டே இருந்து சட்டென்று தரையில் விழட்டும், கண்ணைத் திறக்காமல். இன்னொருவர் ஓரமாக நின்று நேரம் பார்க்கட்டும். விசில் எத்தனையாவது நொடியில் ஊதியது, தோளைத் தட்டிக் கூப்பிட்டது யார், 108-க்குப் பேசுவதுபோல் பேசியவர் இடத்தை முதலில் சொன்னாரா, சாலைக்கு ஓடியது எத்தனை பேர், சும்மா சுற்றி நின்று காற்றை மறைத்தது எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் இவை நடக்காத குழுவுக்கு ஐந்தாவது மாலை ஒன்று தேவை. பயணத் தேதியைத் தள்ளிவையுங்கள்.